செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் நடுவில்

பால்பாண்டியின் பிக்கப் வருகிறது என்பது, வண்டி கண்ணில் படுவதற்கு இரண்டு வளைவு முன்பே போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆறு மாதமாக எஞ்சினுக்குள் ஒரு சத்தம். காலையில் கிளப்பினால் கரகரவென்று அடிக்கும், சூடானதும் கொஞ்சம் அடங்கும், மேடு வந்தால் மறுபடி ஆரம்பிக்கும். லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் அதை வாயாலேயே போட்டுக்காட்டி விளையாடும் அளவுக்கு ஊருக்கு அது பழகியிருந்தது. பால்பாண்டியின் காதில் மட்டும் அது விழவில்லை. விழவில்லை என்றுதான் அவர் கேட்டவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தேயிலை ஃபாக்டரி ஓடின காலத்தில் இருபத்திரண்டு வருஷம் அங்கே ஃபிட்டராக இருந்தவர். ஒரு இயந்திரத்தில் கோளாறு என்று வேறொருவர் வாயிலிருந்து வந்தால் அவருக்கு ஆகாது. தானே கண்டுபிடித்தால்தான் அது கோளாறு. அப்படி ஒரு குணம்.

அந்தச் சத்தத்துக்குப் பெயர் வைத்தவர் பிச்சைக்கனி. அதுதான் வினையே. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், நெடுமங்காட்டிலிருந்து திரும்பி வருகிற வழியில், பிச்சைக்கனி ஜன்னலோரம் சாய்ந்து உட்கார்ந்தபடி முன்கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார்:

"செயின் அடிக்குது."

நடுவில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி பொன்செல்வி வலது பக்கம் திரும்பினாள். "அண்ணே, செயின் அடிக்குதாம்."

"அது டேப்பட் சத்தம்னு சொல்லு," என்றார் பால்பாண்டி ஸ்டியரிங்கைப் பார்த்து.

பொன்செல்வி இடது பக்கம் திரும்பினாள். "டேப்பட் சத்தமாம்."

"டேப்பட்டுன்னா டிக் டிக்குன்னு கேக்கும். இது இழையுது. இறக்கத்துல ஆக்சிலேட்டரை விடும்போது கேட்டியா, அப்பதான் சாஸ்தி. டைமிங் செயின் தொங்கிப் போச்சு. உள்ள கைடும் ஒடஞ்சிருக்கும்."

பொன்செல்வி இதையும் ஒரு சொல் விடாமல் வலது பக்கம் சேர்த்தாள். மூன்று பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஒரே சீட்டில் இருக்கிறார்கள். பிச்சைக்கனி சொன்னது பால்பாண்டிக்கும், பால்பாண்டி சொன்னது பிச்சைக்கனிக்கும் நன்றாகவே கேட்கிறது. ஆனாலும் தமிழில் சொன்னதைத் தமிழில் திருப்பிச் சொல்ல ஒரு ஆள் நடுவில் வேண்டியிருந்தது. பதினோரு வருஷமாக இப்படித்தான்.

இருவரும் ஒரு காலத்தில் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள். பால்பாண்டி ஃபிட்டர், பிச்சைக்கனி உதவி ஃபிட்டர். இலை உருட்டுகிற ரோலரில் ஒரு பேரிங் போகப்போகிறது என்று பிச்சைக்கனி ஒரு நாள் ஷிப்டு ஆட்கள் எல்லோர் முன்னாலும் சொன்னார். உன் எண்ணெய்க் கேனை நீ பார், என் வேலையை நான் பார்க்கிறேன் என்றார் பால்பாண்டி. சாயங்காலம் பேரிங் வெடித்து, ரோலர் இரண்டு நாள் நின்றது. கைகலப்பு இல்லை, கெட்ட வார்த்தைகூட இல்லை. பேச்சு நின்றது, அவ்வளவுதான். பிச்சைக்கனி தப்பாகச் சொல்லியிருந்தால் பால்பாண்டி அன்றைக்கே மன்னித்திருப்பார்.

மூன்று வருஷத்துக்கு முன் பிச்சைக்கனிக்கு இரண்டு கிட்னியும் போயின. செவ்வாயும் வெள்ளியும் நெடுமங்காட்டில் ஒரு டயாலிசிஸ் சென்டரில் காலை எட்டரை மணிக்கு அவர் முறை. பொன்செல்வி வந்து கேட்ட அன்றே பால்பாண்டி சரி என்றார். அதில் அவர் ஒரு யோசனையும் வைத்துக்கொள்ளவில்லை. பேசுவது வேறு, கொண்டுபோய் விடுவது வேறு. மழை, மூடுபனி, யானை எதற்காகவும் அவர் வராமல் இருந்ததில்லை. போன வருஷம் மண் சரிந்து சாலை அடைத்தபோது மட்டும் ஒரு வெள்ளி தவறிப்போனது. மறுநாள் பிச்சைக்கனியால் படுக்க முடியவில்லை. நுரையீரலில் நீர் கோத்து, உட்கார்ந்தபடியே வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்தார். நாலு பேர் அவரை நாற்காலியோடு தூக்கிச் சரிவைத் தாண்டினார்கள். இன்னொரு தடவை தவறினால் ஆள் தங்கமாட்டார் என்று டாக்டர் பொன்செல்வியிடம் சொல்லி அனுப்பினார்.

செயின் என்று பிச்சைக்கனி சொன்ன அந்தச் செவ்வாய், வீட்டுக்கு வந்ததும் பால்பாண்டி பானெட்டைத் திறந்தார். ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சினின் முன்மூடியில் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டவைத்துக் கேட்டார். இழைகிற சத்தம். செயின்தான். யாரும் பார்க்கவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டு பானெட்டை மூடினார்.

எஞ்சினில் கீழே ஒரு தண்டு சுற்றுகிறது, மேலே ஒரு தண்டு சுற்றுகிறது. கீழே இருப்பது பிஸ்டன்களை ஏற்றி இறக்கும், மேலே இருப்பது வால்வுகளைத் திறந்து மூடும். இரண்டும் நேரம் தப்பாமல் சுற்றத்தான் இந்த டைமிங் செயின். அது தொங்கி, தான் ஓடுகிற சக்கரத்தில் பல் தாண்டிவிட்டால், ஏறிவருகிற பிஸ்டன் திறந்து நிற்கிற வால்வில் போய் இடிக்கும். அத்தோடு எஞ்சின் படுத்துவிடும். அது காட்டுச் சாலையில், விடியற்காலையில், பிச்சைக்கனி உள்ளே இருக்கும்போது நடந்தால் என்ன ஆகும் என்று பால்பாண்டிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

விதுரையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பிரதீஷிடம் கேட்டார். "ஒரு ஆழ்ச்ச எடுக்கும் சேட்டா," என்றான் அவன். ஒரு வாரம் என்றால் நடுவில் ஒரு வெள்ளி போகும், அடுத்த செவ்வாயும் சந்தேகம். வேறு வண்டி பிடிக்கலாமே என்று யாரும் எளிதாகச் சொல்லிவிடலாம். யானை நிற்கிற சாலையில் விடிவதற்கு முன் மேலே ஏறிவர எந்த ஆட்டோக்காரரும் சம்மதிக்கவில்லை. முதல் பஸ்ஸில் போனால் மெஷின் அடுத்த ஆளுக்குப் போயிருக்கும். ஆக, செவ்வாய் மதியம் பிச்சைக்கனியை இறக்கிவிட்ட பிறகு பிரித்து, வெள்ளி காலை ஐந்தரைக்கு வண்டி ஓடும்படி தானே மாட்டிவிடுவது என்று பால்பாண்டி முடிவு செய்தார். ஃபாக்டரியில் செயின் மாற்றாத ஃபிட்டர் உண்டா? எஞ்சின் செயின் மட்டும் என்ன ஆகாயத்திலிருந்து வந்ததா?

திட்டம் போடுவதில் மூன்று வாரம் போனது. பால்பாண்டி ஒரு காரியத்தில் இறங்கினால் அரைகுறையாக இறங்குகிறவர் இல்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்றில் மணிக்கணக்காக எழுதினார். செவ்வாய் மூன்று மணி, எஞ்சினைக் கழுவ, தண்ணீரும் ஆயிலும் வடிக்க. நாலரை, ரேடியேட்டர் இறக்க. புதன், முன்மூடி கழற்ற, பழைய செயின் எடுக்க, புதுசு போட. வியாழன் காலை, கையால் சுற்றிச் சோதிக்க, பசை போட்டு மூட. பசை காய எட்டு மணி நேரம். சாயங்காலம் கிளப்ப. மழை வந்தால் என்ன, கரண்டு போனால் என்ன, போல்ட் உடைந்தால் என்ன என்று எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பக்கம்.

போனக்காட்டில் செல்போனுக்கு டவர் கிடைப்பது கீழே ஒரு வளைவில் மட்டும். பால்பாண்டி தினமும் சாயங்காலம் அங்கே போய் நின்று, இதே வண்டிக்கு ஒரு ஆள் செயின் மாற்றுகிற மலையாள வீடியோவைப் பார்த்தார். காலில் அட்டை ஏறுவதற்குள் எவ்வளவு பார்க்க முடியுமோ அவ்வளவு, பிறகு உப்புப் போட்டு அதைத் தட்டிவிட்டு மீதி. பதினான்கு தடவை பார்த்தார். அந்த ஆள் இருமுகிற இடம்கூட அவருக்கு மனப்பாடம்.

உள்ளே போட வேண்டிய சாமான்களை அவர் மகள் அனுஷா நகரத்துச் சாலை பஜாரில் ஒரு கடையில் வாங்கி, ஒரு ஞாயிறு பஸ்ஸில் கொண்டுவந்தாள். அவள் அங்கே துணிக்கடையில் பில் போடுகிறாள். அவள் அம்மா மாடம்மாளும் அவளோடுதான் இருக்கிறாள். செயின், அதை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர், அது விலகாமல் ஓட இரண்டு கைடு, கேஸ்கெட், ஆயில் சீல் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தவள், நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"எந்தா அப்பா இது, கல்யாணத்துக்குப் போடுற லிஸ்ட் மாதிரி?"

"சிரிக்காத. ஒரு போல்ட் மாறினா ஒரு நாள் போயிரும்."

போல்ட் மாறாமல் இருக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். முன்மூடியின் வடிவத்தை ஒரு அட்டைப்பெட்டியில் வரைந்து, எந்தப் போல்ட் எங்கே இருந்ததோ அந்த இடத்தில் அட்டையில் ஓட்டை போட்டுக் குத்தி வைப்பது. சின்னச் சாமான்களுக்குப் பழைய தேயிலை சாம்பிள் டின்கள் பதினெட்டு கழுவித் துடைத்து வரிசையாக வைத்தார். இடம், எஸ்டேட் ஓடின காலத்தில் காலையில் வேலையாட்களைக் கணக்கெடுத்த தகரக் கொட்டகை.

நோட்டில் ஒரே ஒரு இடம் மட்டும் காலியாக இருந்தது. செயினைப் போடும்போது கீழே ஒருவர் வண்டிக்கடியில் படுத்துக் கீழ்த்தண்டைப் பிடித்துத் திருப்ப வேண்டும், மேலே ஒருவர் பல்லில் செயினை இறக்க வேண்டும். வீடியோவில் இரண்டு பேர். பால்பாண்டி லயத்தில் வீடு வீடாக நினைத்துப் பார்த்தார். கையில் பலம் உள்ளவர்கள் எல்லாம் வேலைக்குக் கீழே போய்விட்டார்கள். இருப்பவர்களுக்கு ஸ்பானரைப் பிடிக்கத் தெரியாது.

"அவரு இருக்காருல்லா," என்றாள் பொன்செல்வி. அடுத்த செவ்வாயன்று, இரண்டாம் ஆள் இல்லை என்று பால்பாண்டி சொன்னபோது, வண்டியில், புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தே சொன்னாள். "மெஷின்ல இருந்து வந்த மறுநாளு அவருக்கு நல்லா இருக்கும். புதங்கிழமை தெம்பா நடப்பாரு. வியாழன்தான் கால் வீங்கத் தொடங்கும்."

பிச்சைக்கனி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. பால்பாண்டி அன்று நோட்டில் 'புதன், இரண்டாம் ஆள், நல்ல நாள்' என்று எழுதினார். பெயர் எழுதவில்லை.

அடுத்த செவ்வாய் மதியம் வேலை தொடங்கியது. புதன் காலை ஏழு மணிக்குப் பிச்சைக்கனி ஒரு சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். பின்னாலேயே பொன்செல்வி. வந்தவர் எதுவும் கேட்காமல் சாக்கைத் தரையில் விரித்து, இடது கையைப் பார்த்துப் பார்த்து ஊன்றி, வண்டிக்கடியில் படுத்தார். அந்தக் கையில்தான் டயாலிசிஸுக்கு ஊசி ஏற்றுகிற நரம்பு.

மத்தியானம் வரை வேலை போன வேகத்தைப் பார்த்தால் இருவருக்கும் பேச்சே தேவையில்லை என்றுதான் தோன்றும். பால்பாண்டி கையை நீட்டினால் வேண்டிய ஸ்பானர் அதில் இருந்தது. போல்ட் இளகியதும் கீழேயிருந்து ஒரு கை அதைத் தாங்கியது. முன்மூடி ஒரு கீறல் இல்லாமல் வந்தது. பழைய செயினையும் புதுசையும் ஒரே ஆணியில் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். பழசு ஒரு விரல் நீளம் அதிகம். ஒரு கைடு மூன்று துண்டாக உடைந்து உள்ளே கிடந்தது. பால்பாண்டி அந்தத் துண்டுகளை டின்னில் போடும்போது கொஞ்சம் சத்தம் வராமல்தான் போட்டார். பிச்சைக்கனியும் அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தார்.

மூன்று மணிக்குச் செயின் ஏற்றினார்கள். இந்த இடத்தில் கை மட்டும் போதாது, வாயும் வேண்டும். வண்டிக்கடியில் இருப்பவருக்கு மேல் பல் தெரியாது. மேலே நிற்பவருக்குக் கீழ்ப் பல் தெரியாது. கீழ்த்தண்டை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக்கொண்டே வந்து, மேலே சக்கரத்து அடையாளமும் செயினின் அடையாளமும் சேர்ந்த நொடியில் நிறுத்த வேண்டும். நோட்டில் எல்லாம் எழுதிய மனிதர், யார் யாரிடம் எப்படிச் சொல்வது என்பதை எழுதவில்லை. அவருக்கு அது தோன்றவே இல்லை. பழக்கப்படி பொன்செல்வி பானெட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் குனிந்து நின்றுகொண்டாள்.

"மெல்லத் திருப்பச் சொல்லு."

"மெல்லத் திருப்பணுமாம்."

"இன்னும் கொஞ்சம்."

"இன்னும் கொஞ்சமாம்."

"மதி, மதி. மதின்னு சொல்லு!"

போதும் என்பதற்கு அந்த ஊரில் எல்லோர் வாயிலும் வருகிற சொல்தான். பொன்செல்வி குனிந்து, "மதியாம்," என்றாள். அவள் குனிந்த நேரத்தில் தண்டு மேலும் கொஞ்சம் போயிருந்தது. பால்பாண்டி சொன்னது பிச்சைக்கனியின் காதில் நேராகவே விழுந்தது. ஆனால் அவர் கை பொன்செல்வியின் குரலுக்குத்தான் நிற்கும். பதினோரு வருஷம் அதை அப்படிப் பழக்கி வைத்திருந்தார்கள். மேலே செயின் பல்லில் உட்கார்ந்தது. பால்பாண்டிக்குத் தெரிந்த வரைக்கும் அடையாளம் சரி. டென்ஷனரை மாட்டினார்.

வேலை முந்திக்கொண்டு போனதால், வியாழன் செய்ய வேண்டிய சோதனையையும் அப்போதே முடித்துவிடலாம் என்று நினைத்தார். கீழ்த்தண்டைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, எங்கும் தட்டவில்லை என்று பார்ப்பது. பொன்செல்வி அடுப்பில் கஞ்சி இருக்கிறதென்று வீட்டுக்கு ஓடியிருந்தாள். சுற்றத்தானே போகிறோம், இதற்குப் பேச என்ன இருக்கிறது? பால்பாண்டி பானெட்டில் இரண்டு தட்டுத் தட்டினார். பிச்சைக்கனி சுற்ற ஆரம்பித்தார். ஒரு சுற்று வந்தது. இரண்டாவது சுற்றில் பாதியில் நின்றது.

எஞ்சினைக் கையால் சுற்றினால் நடுவில் கொஞ்சம் கனக்கும், அழுத்தினால் தாண்டும். பால்பாண்டி அதுதான் என்று நினைத்தார். பானெட்டை மறுபடி தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை.

"அமுக்கணும்," என்றார் கொட்டகையின் தகரத்தைப் பார்த்து. "நல்லா அமுக்குனா தாண்டும்."

கீழே அசைவில்லை. பிறகு சாக்கு இழுபடுகிற சத்தம். பிச்சைக்கனி வெளியே வந்தார், முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முப்பத்திரண்டு நம்பர் ஸ்பானர் அவர் கையில் இருந்தது. அந்த எஸ்டேட்டிலேயே அந்த அளவில் அது ஒன்றுதான். பால்பாண்டியின் முகத்தைப் பார்க்காமல், ஸ்பானரைத் தோளில் வைத்துக்கொண்டு, லயத்தை நோக்கி நடந்துவிட்டார்.

பால்பாண்டிக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. வண்டி வயிற்றைக் கிழித்துப் போட்டுக் கிடக்கிறது. நாளை ஒரு நாள்தான் மீதி. யாருக்காக இத்தனை பாடு? யாருடைய வெள்ளிக்கிழமைக்காக? இந்த நேரத்தில் வீம்பு பிடித்து ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு போகிறவனை என்னவென்று சொல்வது? சாகட்டும் என்று வாய்விட்டே சொன்னார். சொன்ன பிறகு அந்தச் சொல் அவருக்கே பிடிக்கவில்லை.

ஸ்பானர் இல்லாமல் அவரால் எஞ்சினைத் தொட முடியாது. செய்வதற்கு வேறொன்றும் இல்லாமல், டார்ச்சை எடுத்துக்கொண்டு பிச்சைக்கனி விட்டுப்போன சாக்கில் தானே படுத்து, கீழேயிருந்து பார்த்தார். பார்த்ததும் எண்ணினார். எண்ணியதை மறுபடி எண்ணினார். கீழ்ப் பல்லின் அடையாளம், இருக்க வேண்டிய இடத்தை விட்டு இரண்டு பல் தள்ளி உட்கார்ந்திருந்தது. அந்தத் தடை கனம் இல்லை. பிஸ்டன் வால்வைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. அவர் சொன்னபடி ஒரு அமுக்கு அமுக்கியிருந்தால் வால்வு வளைந்திருக்கும். ஸ்பானரை இங்கே விட்டுப் போயிருந்தால், கீழே வந்து அந்த அமுக்கை அவரே அமுக்கியிருப்பார். அதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. பிச்சைக்கனிக்கும் இருந்திருக்காது.

பால்பாண்டி டார்ச்சை அணைத்தார். அவருக்கு அவமானமாக இருந்தது. கூடவே ஒரு நிம்மதியும் இருந்தது, அதுதான் அவரை அதிகம் சங்கடப்படுத்தியது.

பிச்சைக்கனியின் வீட்டு வாசலில் பொன்செல்வி நின்றிருந்தாள். உள்ளே கட்டிலில் பிச்சைக்கனி சுவரில் சாய்ந்திருந்தார். ஸ்பானர் அவர் மடியில் கிடந்தது. பால்பாண்டி பொன்செல்வியைப் பார்த்தார்.

"ஸ்பானர் வேணும்னு சொல்லு."

பொன்செல்வி உள்ளே திரும்பினாள். வாயைத் திறந்தாள். அதற்கு முன் பிச்சைக்கனி பேசிவிட்டார், நேராக, பால்பாண்டியின் முகத்தைப் பார்த்து:

"எத்தனை பல்லு?"

பால்பாண்டி வாசற்படியில் ஒரு காலை வைத்தார்.

"ரெண்டு."

"எந்தப் பக்கம்?"

"முன்னால. நான் மதின்னு சொன்னப்பறம் போயிருக்கு."

"ம். காலையில ஆறு மணிக்கு வாரேன். டென்ஷனரைக் கழத்தி வை."

ஸ்பானரை அவரே எழுந்து வந்து கொடுத்தார். பொன்செல்வி திறந்த வாயை மூடவில்லை. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். உள்ளே பாத்திரம் ஒன்று கொஞ்சம் பலமாக விழுந்தது.

வியாழன் காலை பிச்சைக்கனியின் பாதம் வீங்கியிருந்தது. செருப்பு நுழையவில்லை, வெறுங்காலோடு வந்தார். படுக்க மூச்சு முட்டும் என்று அவர் மேலே நின்றுகொள்ள, பால்பாண்டி அடியில் படுத்தார். "திருப்பு," என்றார் பிச்சைக்கனி. "இன்னும். இன்னும். மதி." கை நின்றது. அரை மணி நேரத்தில் செயின் உட்கார்ந்தது. இரண்டு முழுச் சுற்றும் எங்கும் தட்டாமல் வந்தது, சந்தேகத்துக்கு இன்னும் இரண்டு சுற்றினார்கள். ஒன்பது மணிக்குப் பசை தடவி மூடினார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குப் பால்பாண்டி சாவியைத் திருப்பினார். எஞ்சின் பிடித்துக்கொண்டது. பிச்சைக்கனி கொட்டகைத் தூணில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "கொள்ளாம், நல்லாருக்கு," என்றார். பிறகு மூச்சு வாங்கியதால் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

வெள்ளி காலை ஐந்தரைக்குப் பால்பாண்டி வண்டியை லயத்து வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். பொன்செல்வி பிச்சைக்கனியைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து ஜன்னலோரம் ஏற்றி உட்காரவைத்தாள். பிறகு சுற்றிக்கொண்டு டிரைவர் பக்கம் வந்தாள். கையிலிருந்த ஒயர் கூடையை ஜன்னல் வழியாக நீட்டினாள்.

"ஃபைலு இதுல இருக்கு. தண்ணி கேப்பாரு, அரை கிளாசுக்கு மேல குடுக்காதீங்க. மெஷின்ல இருந்து எறங்குனதும் தலை சுத்தும். அஞ்சு நிமிஷம் உக்கார வச்சுட்டு நடத்திக் கூட்டிட்டு வாங்க."

"நீ வரலையா? ஒடம்புக்கு என்ன?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்லண்ணே."

"பின்னே?"

"நான் எதுக்கு?"

பால்பாண்டிக்குப் புரியவில்லை. "அவருக்குத் துணைக்கு வேண்டாமா?"

"உள்ள யாரையும் விடமாட்டாங்கண்ணே. நாலு மணி நேரமும் நான் வெளிய பெஞ்சுலதான் இருப்பேன்." அவள் குரலில் கோபம் இல்லை. விலாசம் சொல்வது மாதிரி சொன்னாள். "போற வழியில அவருக்கு மயக்கம் வந்தா வண்டிய நிறுத்தச் சொல்லணும். சொல்ல ஆளு வேணும்லா, அதுக்குத்தான் நடுவுல வந்து உக்காந்தது. இனி அவரே சொல்லிக்கிடுவாரு. நூறுநாள் வேலைக்குத் தொழிலுறப்புல பேரு குடுத்திருக்கேன், எட்டு மணிக்குப் போணும்."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். வாரம் இரண்டு நாள், மூன்று வருஷம். முந்நூறு விடியற்காலைகளுக்கு மேல் அவள் நாலு மணிக்கு எழுந்து சமைத்து வைத்து, வேலையை விட்டு, இரண்டு தோள்களுக்கு நடுவில் இடுங்கி நெடுமங்காடு போய்த் திரும்பியிருக்கிறாள். அது மனைவி புருஷனுக்குச் செய்வது என்றுதான் பால்பாண்டி நினைத்திருந்தார். ஒரு நாள்கூட வேறு மாதிரி நினைத்ததில்லை. அவருக்கு வெட்கம் தாங்கவில்லை. ஒயர் கூடையை அவள் உட்காருகிற நடு இடத்தில் வைத்துவிட்டு, கியர் போட்டார்.

வண்டி கீழே இறங்கியது. வழியில் யானை இல்லை. மூன்றாவது வளைவு தாண்டியதும் பால்பாண்டி கேட்டார்.

"அவ எதுக்கு வந்தான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"மூணு வருஷமாவா?"

"ம்."

"பின்னே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா."

பிச்சைக்கனி ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பி அவரைப் பார்த்தார்.

"எப்பிடிச் சொல்ல? அவகிட்ட சொல்லி, உன்கிட்ட சொல்லச் சொல்லவா?"